சிறு உணவகத்துக்கு அரசு மானியம்: கடையைப் பிடிப்பதற்கு முன்பிருந்து மூன்றாம் ஆண்டு ஆய்வு வரை

ஓட்டல் தொடங்க அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு வருபவர்கள் மனத்தில் ஒரு காட்சி இருக்கும்: விண்ணப்பம் போட்டால் பணம் கணக்கில் விழும், அதை வைத்துக் கடை போடலாம். தமிழ்நாட்டில் உணவகத்துக்குக் கிடைக்கும் பெரிய மானியங்கள் அப்படிப்பட்டவை அல்ல. எல்லாமே வங்கிக் கடனோடு ஒட்டிப் பிறந்தவை. கடன் இல்லையென்றால் மானியமும் இல்லை. மானியத் தொகையும் உங்கள் கைக்கு வராது. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் வங்கியில் தனியாக நின்று, பிறகு கடனில் கழியும்.

எனவே உங்களைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான நடுவர் வங்கி மேலாளர்தான். அரசு அலுவலகம் உங்கள் பெயரைப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். தோசைக்கல் வாங்கிவிட்டு, கிரைண்டர் வாங்கிவிட்டு, கடைக்கு முன்பணம் கொடுத்துத் திறப்பு விழாவும் நடத்திவிட்டு மானியத்துக்கு வருபவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். புதிய தொழிலுக்கான திட்டத்தில், கடன் ஒப்புதலுக்கு முந்தைய தேதியிட்ட பில் செல்லாது. வரிசை முக்கியம்: முதலில் திட்டம், அடுத்து விண்ணப்பம், பிறகு ஒப்புதல், கடைசியில்தான் கொள்முதல்.

எந்தத் திட்டம் உங்களுக்கு?

இதற்கு நேரம் செலவிடுங்கள். தவறான திட்டத்தில் விழுந்தால் ஒன்று மானியம் குறையும், இல்லையேல் ஆறு மாதம் வீணாகும். ஒரே தொழிலுக்கு இரண்டு அரசு மானியம் வாங்க முடியாது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் மத்திய அரசுடையது. பிஎம்இஜிபி என்றால் எல்லோருக்கும் தெரியும். காதி மற்றும் கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உணவகம் சேவைத் தொழிலில் வருவதால் திட்ட மதிப்பு அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு மானியம் நகர்ப்புறத்தில் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25 சதவீதம். சொந்த முதல் 10 சதவீதம். சிறப்புப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம். சொந்த முதல் 5 சதவீதம் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் ஆகியோரோடு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவினரும் சிறப்புப் பிரிவில் அடக்கம். தமிழ்நாட்டில் பலர் தங்களைப் பொதுப் பிரிவு என்று நினைத்தே படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைத் தொடுங்கள். 10 சதவீத வித்தியாசம் சும்மா இல்லை.

வயது 18 நிரம்பியிருந்தால் போதும், உச்ச வரம்பு இல்லை. குடும்ப வருமான வரம்பும் இல்லை. சேவைத் தொழிலில் திட்ட மதிப்பு 5 லட்சத்தைத் தாண்டினால் 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். மது பரிமாறும் இடத்துக்கு இடமில்லை. அசைவ ஓட்டலுக்குக் கிடைக்காது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அது பழைய விதி. 2022-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலில் ஓட்டல், தாபாக்களில் அசைவம் பரிமாற அனுமதி உண்டு.

மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை யுஒய்இஜிபி என்பார்கள். திட்ட மதிப்பு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வயது பொதுப் பிரிவு ஆண்களுக்கு 45 வரை, மற்றவர்களுக்கு 55 வரை. 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி தேவை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலில் பார்க்க வேண்டியது அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம். 2023-இல் வந்தது. திட்ட மதிப்பில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 1.5 கோடி, கூடவே வட்டியில் 6 சதவீதத்தை அரசு ஏற்கும். மீதி 65 சதவீதம் வங்கிக் கடன் என்பதால் சொந்த முதல் கட்ட வேண்டியதில்லை. கல்வித் தகுதி கேட்பதில்லை, வயது 55 வரை. கிராமம், நகரம் என்ற பாகுபாடும் கிடையாது. பிஎம்இஜிபி-யில் கிராமத்துக்குக் கிடைக்கும் அதே 35 சதவீதம் இங்கே நகரத்திலும் கிடைக்கிறது, வட்டிச் சலுகை தனி.

பெரிய உணவகம் போடும் முதல் தலைமுறையினருக்கு நீட்ஸ் திட்டம் இருக்கிறது: 10 லட்சம் முதல் 5 கோடி வரை, 25 சதவீத மானியம், 75 லட்சம் உச்ச வரம்பு, 3 சதவீத வட்டிச் சலுகை. நீங்கள் நினைக்கும் வகை உணவகம் தகுதியான சேவைத் தொழிலாக ஏற்கப்படுமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு இறங்குங்கள்.

இவற்றில் தேர்வு செய்யும் வழி எளிது. கடை ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், சிறப்புப் பிரிவினருக்கு பிஎம்இஜிபி-யின் 35 சதவீதத்தை மாநிலத் திட்டத்தின் 25 எட்டாது. நகரத்தில் கடை போடும் பொதுப் பிரிவு ஆணுக்கு நிலைமை தலைகீழ்: பிஎம்இஜிபி-யில் 15, மாநிலத் திட்டத்தில் 25. நகரத்து ஓபிசி-க்கு இரண்டும் 25 சதவீதம்தான். குடும்ப வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினாலோ, திட்ட மதிப்பு 15 லட்சத்தைத் தாண்டினாலோ பிஎம்இஜிபி.

கிராமமா நகரமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஊராட்சி கிராமப்புறம், நகராட்சியும் மாநகராட்சியும் நகர்ப்புறம். பேரூராட்சியில்தான் குழப்பம் வரும். மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சியோடு அண்மையில் இணைந்த ஊராட்சிகளில் பழைய சான்றை வைத்து விண்ணப்பித்தால் இடையில் சதவீதம் மாறிவிடும்.

மத்தியத் திட்டங்களுக்குக் கால வரம்பு உண்டு. பிஎம்இஜிபி-க்கு 2021-22 முதல் 2025-26 வரைக்கும் ஒப்புதல் தரப்பட்டிருந்தது. விண்ணப்பிக்கும் அன்று நீட்டிப்பு ஆணையும் விகிதமும் எப்படி இருக்கின்றன என்று இணையதளத்தில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

ஏற்கெனவே ஓட்டல் நடத்துபவர்களுக்கு

மேலே சொன்னவற்றில் பல புதிய தொழிலுக்கு மட்டுமே. ஓடும் கடையை மனைவி பெயரில் புதுக் கடையாகக் காட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கள ஆய்வுக்கு வருபவர் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. அம்பேத்கர் திட்டத்தில் விரிவாக்கத்துக்கும் இடமுண்டு. முன்பு பிஎம்இஜிபி அல்லது முத்ரா கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி லாபத்தில் நடப்பவர்கள், பிஎம்இஜிபி-யின் இரண்டாம் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். மானியம் 15 சதவீதம்.

பலர் கவனிக்காத கதவு ஒன்று உண்டு: பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம், சுருக்கமாக பிஎம்எஃப்எம்இ. 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம், சொந்த முதல் 10 சதவீதம். இது பதப்படுத்தும் தொழிலுக்கானது, மேசை போட்டுப் பரிமாறும் உணவகத்துக்கு அல்ல. ஆனால் உங்கள் மெஸ்ஸில் இட்லி மாவு, பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு, இனிப்பு ஏதாவது தனியாக விற்பனையாகிறதா? அந்தப் பகுதியைத் தனி அலகாகக் காட்டலாம்: மாவு அரைக்கும் இயந்திரம், பேக்கிங் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து உணவுப் பதப்படுத்தும் பெண்களுக்கு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதலும் இதே திட்டத்தில் உண்டு. மாவட்டந்தோறும் நியமிக்கப்பட்ட வள நபர் திட்ட அறிக்கை எழுதவும் வங்கியோடு பேசவும் உதவுவார். அவருக்கு ஊதியம் அரசு தருகிறது, நீங்கள் தர வேண்டியதில்லை.

தள்ளுவண்டிக் கடைக்காரர்களுக்கு பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம் இருக்கிறது. 2025-இல் மாற்றியமைத்த பிறகு முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, மூன்றாவது 50,000 வரை. வட்டியில் 7 சதவீதம் திரும்பக் கிடைக்கும். முத்ராவை மானியம் என்று எண்ணி வருபவர்களும் உண்டு. அதில் மானியமே கிடையாது, அடமானம் இல்லாத கடன் மட்டுமே.

கடையைப் பார்த்து வையுங்கள், முன்பணம் கொடுக்காதீர்கள்

கடை முகவரி இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஆனால் ஒப்புதல் வரும் முன் பெரிய முன்பணம் கொடுத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். கட்டட உரிமையாளரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்து, சிறு தொகை மட்டும் கொடுத்து நிறுத்துவது நடைமுறை. ஒப்புதலுக்குப் பின் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். காலம் மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது, ஐந்து என்றால் நல்லது. 11 மாத ஒப்பந்தத்தைப் பார்த்ததும் மேலாளர் கோப்பை மூடிவிடுவார்: மானியம் மூன்று ஆண்டு நிற்க வேண்டும், கடையோ ஓர் ஆண்டு கூட நிச்சயமில்லை.

நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. வாடகைக்கு எடுக்கும் கடையின் வாடகையை மூன்று ஆண்டு வரைக்கும் பிஎம்இஜிபி-யில் கணக்கில் காட்ட இடமுண்டு.

புகைபோக்கிக்கு வழி, கழிவுநீர் இணைப்பு, மூன்று முனை மின்சாரம், சிலிண்டர் வைக்கக் காற்றோட்டமான இடம் ஆகிய நான்கையும் முதல் நாளே பாருங்கள். பின்னால் சேர்த்தால் அந்தச் செலவு திட்ட மதிப்புக்குள் வராமல் உங்கள் தலையில் விழும்.

திட்ட அறிக்கை: வங்கி படிப்பது எதை?

ஆடிட்டரிடம் 2,000 ரூபாய் கொடுத்தால் முப்பது பக்க அறிக்கை கிடைக்கும். பாதி அறிக்கைகள் வேறு யாருடைய கடைக்கோ எழுதியவை, பெயர் மட்டும் மாறியிருக்கும். மேலாளர் இரண்டு கேள்வி கேட்டதும் அது வெளுத்துவிடும். எண்களை நீங்களே போடுங்கள், தட்டச்சு மட்டும் வேறு யாராவது செய்யட்டும்.

பிஎம்இஜிபி-யில் விண்ணப்பித்து நகரத்தில் கடை போடும் ஓபிசி விண்ணப்பதாரர் ஒருவரின் திட்ட மதிப்பு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சொந்த முதல் 60,000. வங்கி முதலில் தருவது 11.4 லட்சம். அதில் 3 லட்சம் மானியத்துக்கு ஈடாக நிற்கும். உண்மையில் அவர் கட்ட வேண்டிய அசல் 8.4 லட்சம். 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 18,300. இதே கடை ஊராட்சியில் இருந்தால் மானியம் 4.2 லட்சம், அசல் 7.2 லட்சம், தவணை சுமார் 15,700.

இனி விற்பனை. 24 இருக்கை, ஒரு நாளைக்கு ஓர் இருக்கைக்கு மூன்று பேர், சராசரி பில் 70 ரூபாய், மாதம் 26 நாள்: 1,31,040 ரூபாய். பொருள் செலவு 42 சதவீதம் என்றால் 55,000. மூன்று பேர் சம்பளம் 36,000, வாடகை 12,000, கேஸும் கரண்டும் 12,000, சில்லறைச் செலவு 4,000. மிஞ்சுவது 12,000. தவணைக்கே போதாது.

நாளைக்கு 40 பார்சல், ஒன்று 60 ரூபாய் என்று சேருங்கள். விற்பனை 1,93,440. பொருள் செலவு 81,200, பார்சல் டப்பாவுக்கும் பைக்கும் 3,000, மற்றவை முன்பு போலவே. மிச்சம் சுமார் 45,200. வீட்டுச் செலவுக்கு 18,000 எடுத்தால் 27,200 நிற்கும். தவணையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கடன் தரும் வங்கி பார்ப்பது இந்த ஒன்றரை மடங்கைத்தான். இந்தத் தொகைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. உங்கள் தெருவில் ஒரு வாரம் காலையும் மாலையும் நின்று தலை எண்ணி, உங்கள் எண்ணை எழுதுங்கள். முதல் மாதமே முழு இருக்கையும் நிரம்பும் என்று எழுதிய அறிக்கையை எந்த மேலாளரும் நம்புவதில்லை. முதல் ஆண்டுக்கு 60 சதவீத விற்பனை காட்டுவது நியாயமாக இருக்கும். அப்போது வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் வைத்திருங்கள்.

திட்ட மதிப்பில் இயந்திரமும் உட்புற வேலையும் மட்டும் போதாது. நடைமுறை மூலதனமும் வேண்டும். மளிகை, கேஸ் வைப்புத்தொகை, முதல் மாதச் சம்பளம் இதில் வரும். ஆனால் இதைத் தேவைக்கு மேல் ஊதினால் பின்னால் கையைக் கடிக்கும். பிஎம்இஜிபி விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது நடைமுறை மூலதன வரம்பை முழுமையாகத் தொட்டிருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தவறினால் அந்த விகிதத்தில் மானியத்தைத் திரும்ப எடுப்பார்கள்.

கொட்டேஷன் ஜிஎஸ்டி எண் உள்ள கடையிலிருந்து வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் அளவும் மாடலும் எழுதியிருக்க வேண்டும். 'சமையலறைச் சாமான் மொத்தம் 4 லட்சம்' என்ற கொட்டேஷன் திரும்பி வரும். 'மூன்று அடுப்பு கேஸ் பர்னர் ரேஞ்ச் 1, 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் 1, 500 லிட்டர் டீப் ஃப்ரீசர் 1' என்று இருக்கட்டும். சாதாரண உணவகம் 5 சதவீத ஜிஎஸ்டி-யில் வருவதால் இயந்திரத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. அது உங்களுக்கு முழுச் செலவு. விலையையும் வரியையும் தனித்தனியாகக் காட்டி, மொத்தத்தைத் திட்ட மதிப்பில் வையுங்கள்.

விண்ணப்பமும் வங்கியும்

ஆதார், பான், புகைப்படம், கல்விச் சான்று, சாதிச் சான்று, கிராமப்புறச் சான்று, திட்ட அறிக்கை, கொட்டேஷன், இட ஒப்புதல் கடிதம். மாநிலத் திட்டத்துக்கு வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும். சமையல் பயிற்சிச் சான்றோ, ஓட்டலில் வேலை பார்த்த அனுபவக் கடிதமோ இருந்தால் கட்டாயம் இணையுங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே 'உங்களுக்கு இந்தத் தொழில் தெரியுமா' என்பதுதான். மாநிலத் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசின் எம்எஸ்எம்இ ஆன்லைன் தளம், பிஎம்இஜிபி-க்குத் தனித் தளம். இரண்டிலும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மானியத்தில் பத்து சதவீதம் தந்தால் முடித்துத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகருக்குக் கோப்பின் மேல் எந்தப் பிடியும் இல்லை.

வங்கிக் கிளையைத் தேர்வது தனிக் கலை. கடை இருக்கும் பகுதியின் கிளையையே எழுதுங்கள். தூரத்துக் கிளை 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பிவிடும். விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே மேலாளரை ஒரு முறை பாருங்கள். இந்த ஆண்டு இந்தத் திட்டத்தில் கடன் தருகிறாரா, முன்பு ஓட்டல்களுக்குக் கொடுத்து வராக்கடன் ஆனதுண்டா என்று பேச்சுவாக்கில் தெரிந்துவிடும்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை நீங்களே முன்கூட்டி எடுத்துப் பாருங்கள். உங்கள் கடன் சரியாக இருந்தும், நண்பருக்கு ஜாமீன் போட்ட கடனோ, முடித்தும் மூடப்படாத செல்போன் தவணையோ அங்கே நிற்கும். திருத்த ஒரு மாதம் ஆகலாம். அடமானம் பற்றியும் தெளிவாக இருங்கள்: குறு, சிறு தொழிலுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, அதற்கு மேல் கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பில் கொடுக்க வங்கிக்கு வழி உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காரணத்தோடு மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளரையோ, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரையோ பார்த்தால், வேறு கிளைக்கு மாற்ற முடியும்.

ஒப்புதல் வந்ததும் சொந்த முதலைக் கட்டுவீர்கள், தொழில்முனைவோர் பயிற்சியை முடிப்பீர்கள். பயிற்சிச் சான்று இல்லாமல் மானியக் கோரிக்கை நகராது. பலருக்கு இரண்டு மூன்று மாதம் தாமதமாவது இங்கேதான். வங்கி இயந்திரக் கடைக்கு நேரடியாகப் பணம் அனுப்பும். 'பில்லை ஏற்றிப் போட்டு மிச்சத்தை ரொக்கமாகத் தருகிறேன்' என்று விற்பவர் சொன்னால் விலகிவிடுங்கள். அது மோசடி, ஆய்வில் இயந்திரத்தின் எண்ணைப் பில்லோடு ஒப்பிடும்போது வெளியே வரும். உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவும், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவோ உரிமமோ திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டும். உத்யம் இலவசம்.

மூன்று ஆண்டுகள்

முதல் தவணைக் கடன் விடுவித்ததும் வங்கி மானியத்தைக் கோரும். வந்த தொகை உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு உங்களுக்கு வட்டி வராது. அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். மானியம் வந்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகள் உண்டு. மானியம் வந்த தேதியைக் கிளையில் கேட்டு வாங்கி, அடுத்த மாத அறிக்கையில் வட்டி குறைந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். தவணை எந்தத் தொகைக்குப் போடப்பட்டது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இந்தக் காலத்தில் கடையை மாற்ற வேண்டி வந்தால் முதலில் வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள், பிறகு சாமானைத் தூக்குங்கள். ஆய்வாளர் வரும்போது பழைய முகவரியில் செருப்புக் கடை இருந்தால் தொழில் இல்லை என்று எழுதிவிடுவார். திட்டத்தின் பெயரைத் தாங்கிய பலகை, இயந்திரங்களின் அசல் பில், உரிமம், தினசரி விற்பனைக் கணக்கு, ஊழியர் விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கிரைண்டர் பழுதாகி மாற்றினால் மாற்றிய பில்லையும் அதில் வையுங்கள்.

மூன்று ஆண்டு முடிந்ததும் சில கிளைகளில் தானாகவே கடனில் கழியும், பல கிளைகளில் கழியாது. மேலாளர் இரண்டு முறை மாறியிருப்பார், புதியவருக்கு அப்படி ஒரு வைப்பு இருப்பதே தெரியாது. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, ஆய்வு முடிந்ததா என்று மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டு வையுங்கள்.